முகத்தோல் சீரமைப்பு: வெயிலில் உழைப்பவர்களுக்கான வழிமுறை

சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன கன்டெய்னர் லாரிகள். ஓட்டுநரின் வலது கன்னம்தான் ஜன்னல் பக்கம். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வெயிலின் புற ஊதாக் கதிர்களில் 'யு.வி.ஏ.' வகை பக்கக் கண்ணாடியைத் துளைத்து உள்ளே வந்துவிடும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய அமெரிக்கர் ஒருவரின் முகப்படத்தை 2012-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அந்த நாட்டில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். ஆகவே அவருடைய இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கி, வலது கன்னத்தைவிடப் பல ஆண்டுகள் மூத்ததாகத் தெரிந்தது.

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் முகத்தோலைச் சீராக்கிக்கொள்ள நினைப்பவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த வெயிலைத்தான். பருக்குழி, மங்கு, அம்மை வடு, கரும்புள்ளி என எதற்குச் சிகிச்சை எடுத்தாலும், அதற்கு முந்தைய நான்கு வாரமும் பிந்தைய மூன்று மாதமும் முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. கருவி எவ்வளவு விலை உயர்ந்தது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

சிகிச்சை என்ன செய்கிறது?

எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே. மேல்தோலை, சில சமயம் உட்தோலின் மேற்பகுதியையும், அளவாகக் காயப்படுத்துகிறார்கள். உடல் அந்தக் காயத்தை ஆற்றும்போது புதிய மேல்தோலும் புதிய கொலாஜனும் உருவாகின்றன. காயம் அளவு மீறினால் தழும்பு, கருமை, அல்லது வெளுத்த திட்டு.

ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரின் வகைப்பாட்டில் நம்மவர்களில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகைத் தோல் கொண்டவர்கள். மாநிறத் தோலும் கருந்தோலும் காயம் பட்ட இடத்தில் எளிதில் கறுத்துவிடும். கொசுக்கடியைச் சொறிந்த இடம் மாதக்கணக்கில் கறுப்பாகவே நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முகத்தில் பீலிங் (அமிலம் பூசித் தோலை உரித்தல்), லேசர் செய்தபின் வரும் கருமையும் அதே வகைதான். வெள்ளைத் தோலுக்கு எழுதிய அளவுகளை அப்படியே நம் முகத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பிரச்சினைக்கு எந்த முறை?

கண்ணாடி முன் ஜன்னல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் திரும்பி நின்று பாருங்கள். மேடு பள்ளம் தெரிகிறதா, நிறம் மட்டும் மாறியிருக்கிறதா? இந்த இரண்டையும் பிரித்தறியாமல் சிகிச்சைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

*பரு தணிந்த பிறகு நிற்கும் கருமை:* பள்ளம் இல்லை, நிறம் மட்டும்தான். லேசர் தேவையில்லை. வெயில் காப்பும் மருத்துவர் தரும் பூச்சு மருந்தும் முதலில். தேவைப்பட்டால் சாலிசிலிக் அல்லது கிளைகாலிக் அமிலத்தால் மேலோட்டமான பீலிங்.

*மங்கு:* கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் பழுப்புத் திட்டாகப் படர்வது. வெயில் மட்டுமல்ல, சூடும் இதைக் கூட்டும். இட்லிக் கடை அடுப்படியில் நிற்பவர், கொதிகலன் அருகே வேலை செய்பவர், வெல்டிங் செய்பவர் மூவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். மங்குக்குத் தோலைச் சுட்டெடுக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேண்டாம். முதலில் சற்று வெளுத்து, பிறகு முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

*பருக்குழி:* இதில் மூன்று வகை உண்டு. ஊசியால் குத்தியது போன்ற ஆழக்குழி, விளிம்பு செங்குத்தாக நிற்கும் அகலக்குழி, அலைபோல் மேடும் தாழ்வுமாக இருப்பது. அலைபோன்றதற்கு நுண்ஊசிச் சிகிச்சை, சில சமயம் ஊசியை உள்ளே செலுத்தி அடித்திசுவோடு ஒட்டிய நாரை அறுத்துவிடும் சிகிச்சை. அகலக்குழிக்கு நுண்ஊசி அல்லது ஃப்ராக்ஷனல் லேசர்.

ஊசிக்குழிக்கு வேறு வழி. கூர்மையான மரக்குச்சி நுனியில் செறிவு மிகுந்த டி.சி.ஏ. அமிலத்தைத் தொட்டு, குழியின் அடியில் மட்டும் வைத்து எடுப்பார்கள். சில விநாடிகளில் அந்தப் புள்ளி உப்புப் பூத்ததுபோல் வெளுக்கும். குழிக்கு வெளியே ஒரு துளி வழிந்தாலும் புதிய தழும்பு வரும். மருத்துவர் கையைத் தவிர வேறு யார் கையிலும் இந்த அமிலம் இருக்கக் கூடாது.

*அம்மை வடு, விபத்துத் தழும்பு:* அகலக்குழிக்கான முறைகளே. ஆனால் காது, மார்பு, தோள் எங்காவது காயம் ஆறியபின் தழும்பு புடைத்து வளர்ந்த அனுபவம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட உடல்வாகு உள்ளவர்களுக்கு ஆழமான சிகிச்சை ஆகாது.

தீக்காயத் தழும்பு தனிக் கதை. அது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு போன்ற இடங்களில் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் பார்க்க வேண்டியது. இந்த வழிமுறையில் சேராது.

எந்த மாதம்?

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கடலுக்குப் போக வேண்டியதில்லை, கையில் நேரம் இருக்கிறது, அப்போது செய்துகொள்ளலாமே என்று காசிமேட்டுக்காரர்களுக்குத் தோன்றும். கத்திரி வெயில் நடுவில் வருவதால் லேசருக்கும் ஆழமான பீலிங்குக்கும் ஆண்டிலேயே மோசமான காலம் அதுதான்.

மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர் கழிமுகப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. ஆறாத முகத்தோடு அப்படி ஒரு தண்ணீரில் நிற்க நேர்ந்தால் தொற்று நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை உள்ள நாட்கள் நல்லவை. வெயில் தாழ்ந்திருக்கும், மழை ஓய்ந்திருக்கும். தடைக்காலத்தை வெயில் காப்புப் பழக்கத்துக்கும் பூச்சு மருந்துக்கும் பயன்படுத்தி, சிகிச்சையைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கல்யாணத்துக்காகச் செய்வதென்றால் குறைந்தது ஆறு மாதம் முன்னால் தொடங்க வேண்டும். பருக்குழிக்கு ஒரே தடவையில் பலன் கிடைக்காது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எதுவும் செய்துகொள்ளாதீர்கள்.

தள்ளிப்போட வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், முகத்தில் இப்போது சீழ்ப்பருவோ தொற்றோ இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், அண்மையில் நிறுத்தியவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மேலோட்டமான பீலிங்குக்கு அது தடையாகாமல் போகலாம். முழு முகத்தையும் சுரண்டும், சுடும் சிகிச்சைகளுக்குத் தடை. உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருபவர் சொல்லாமல் விட்டால், லேசருக்குப் பின் அந்த வைரஸ் முகம் முழுக்கப் பரவலாம். சொன்னால் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடுவார்கள்.

வேலையைப் பற்றியும் சொல்லுங்கள். "வெளியில வேலை" என்று மட்டும் சொன்னால் போதாது. வலை பின்னுகிறீர்களா, ஐஸ் உடைக்கிறீர்களா, வெல்டிங்கா, இரவு ஷிஃப்ட்டா என்பதைப் பொறுத்து சிகிச்சையின் ஆழம் மாறும்.

நான்கு வாரத் தயாரிப்பு

1. காலையிலும் இரவிலும் மென்மையான ஃபேஸ் வாஷ், பிறகு ஈரப்பதம் தரும் க்ரீம். நார், ஸ்கிரப் எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

2. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, யு.வி.ஏ. கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீன். அளவு முக்கியம்: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பட்டாணி அளவு எடுத்துப் பூசுவது பூசாததற்குச் சமம். வெளியில் வேலை செய்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வியர்வையைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் கேட்டு வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது.

3. மருத்துவர் எழுதித் தரும் இரவுப் பூச்சு. பெரும்பாலும் ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், அசிலாயிக் அமிலம் ஆகியவற்றில் ஒன்று. ஹைட்ரோகுவினோனைச் சொன்ன காலத்துக்கு மேல் தொடராதீர்கள். வருடக்கணக்கில் பூசினால் நீலம் கலந்த கருமை படிந்து, பிறகு எடுக்கவே முடியாமல் போகும்.

4. சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன் காதுக்குப் பின்புறமோ தாடையின் அடியிலோ சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டுச் செய்துகொள்ள வேண்டியது இது.

5. கடைசி ஒரு வாரம் த்ரெடிங், வேக்ஸிங், ப்ளீச், ஃபேஷியல் எதுவும் கூடாது. மஞ்சள் பூசிக் குளிக்கும் பெண்கள் முகத்துக்கு மட்டும் நிறுத்த வேண்டும். ட்ரெட்டினாயினை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

*குறிப்பு:* வெல்டிங் பொறியிலிருந்தும் புற ஊதாக் கதிர் வருகிறது. கறுப்புக் கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு வேலை செய்தால் கண்ணுக்குக் காப்பு, கன்னத்துக்கு இல்லை. கழுத்து வரை மூடும் முகக் கவசம் வேண்டும்.

சிகிச்சை நாளில் கவனிக்க வேண்டியவை

*பீலிங்:* முகத்தைத் துடைத்து, கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் வாஸ்லின் தடவுவார்கள். பிறகு பஞ்சு அல்லது பிரஷ்ஷால் அமிலம். நெற்றியில் தொடங்கி, கன்னம், தாடை, கடைசியில் மூக்கும் மேலுதடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. இடையில் மருத்துவரோ செவிலியரோ அறையை விட்டுப் போகக் கூடாது. கிளைகாலிக் அமிலத்தை நேரம் பார்த்து சோடா உப்புக் கரைசலால் முறிக்க வேண்டும். சாலிசிலிக் அமிலம் தானே உலர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். எரிச்சல் சில நிமிடத்தில் அடங்கும். ஓர் இடம் மட்டும் தாங்க முடியாமல் எரிந்தால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை.

*நுண்ஊசி:* 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் மரத்துப்போகும் க்ரீம். முகத்துக்கு வேண்டிய அளவைத் தாண்டி அதை அப்பக் கூடாது. லிடோகெயின் ரத்தத்தில் அதிகம் கலந்தால் வலிப்பு வரை போகும். ஊசி முனையோ உருளையோ உங்கள் கண் முன்னால் புது உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். இன்னொருவருக்குப் பயன்படுத்தியதை ஸ்பிரிட்டில் முக்கி எடுத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மஞ்சள் காமாலையின் பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் ரத்தத்தின் வழியே பரவுபவை.

*ஃப்ராக்ஷனல் லேசர்:* கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அந்த லேசரால் முழு முகத்தையும் சுட்டெடுக்கும் பழைய முறை நம் தோலுக்கு ஆபத்தானது. 2004-இல் ஹார்வர்டு மருத்துவர்கள் கதிரை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்து, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே நல்ல தோலை விட்டுவைக்கும் முறையை அறிவித்தார்கள். அந்த நல்ல தோலிலிருந்து காயம் சீக்கிரம் ஆறுகிறது. நம் நிறத்துக்குப் புள்ளிகளின் நெருக்கம் குறைவாகவும் அமர்வுகளின் எண்ணிக்கை கூடுதலாகவும் இருப்பது நல்லது. கண்ணுக்கு மூடி போடாமல் லேசரைத் தொட விடாதீர்கள்.

பிறகு என்ன?

1. முதல் நாள் முகம் வெயிலில் எரிந்ததுபோல் சிவந்து காந்தும். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காமல், குளிர்ந்த சுத்தமான துணியை ஒற்றுங்கள்.

2. லேசர் செய்தவர்களுக்கு ஐந்து முதல் ஏழு நாள் பழுப்புப் பொருக்கு இருக்கும். நாள் முழுக்க வாஸ்லின் காயாமல் இருக்கட்டும். பொருக்கை உரிக்காதீர்கள். உரித்த இடம் கறுக்கும், சில சமயம் குழியாகும்.

3. காய்ச்சி ஆறிய தண்ணீரால் முகம் கழுவுங்கள். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் வீடுகளில் இது மிக அவசியம்.

4. பொருக்கு உதிரும் வரை சன்ஸ்கிரீன் பூச முடியாது. அதனால் அந்த ஒரு வாரம் பகலில் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். போயே ஆக வேண்டுமென்றால் அகலத் தொப்பி, குடை, பருத்தித் துணி மறைப்பு. நிலக்கரித் தூசியும் சாம்பலும் பறக்கும் பக்கம் வேண்டாம்.

5. பொருக்கு உதிர்ந்ததும் சன்ஸ்கிரீன் மறுபடி, குறைந்தது மூன்று மாதம் ஒரு நாளும் விடாமல். சிகிச்சைக்குப் பின் வரும் கருமை உடனே தெரியாது. மூன்றாம், நான்காம் வாரத்தில் தலைகாட்டும். "ஆறிடுச்சு" என்று நினைத்து நிறுத்துபவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி வந்துவிட்டால் பயந்துபோய் இன்னொரு லேசர் செய்துகொள்ளாதீர்கள். பூச்சு மருந்தாலேயே பெரும்பாலும் மாதங்களில் மங்கிவிடும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறுவது, மஞ்சள் சீழ், காய்ச்சல், கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், கண்ணில் கூச்சம் அல்லது வலி, ஓர் இடம் மட்டும் தடித்துச் சிவந்தே நிற்பது. கடைசியாகச் சொன்னது தழும்பு உருவாவதன் தொடக்கம். ஆரம்பத்திலேயே காட்டினால் தடுக்கலாம்.

அதிகம் நடக்கும் தவறுகள்

முதலிடம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் "வெள்ளை ஆக்குற" க்ரீமுக்கு. அதில் பெரும்பாலும் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என ஏதோ ஒரு ஸ்டீராய்டு இருக்கும். முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், பூசுபவர் க்ரீமின் பெயரைச் சொல்வார், தெரு முழுக்க அதே டியூப். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, சிவப்பு நூல்போல் ரத்தக் குழாய்கள் தெரியும், பரு வெடிக்கும், பெண்களுக்கும் கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது, அதனால் மறுபடி பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளில் சேர்த்தது. மெலிந்த அந்தத் தோலில் பீலிங் செய்தால் புண்ணாகும். முதலில் ஸ்டீராய்டிலிருந்து விடுபட வேண்டும். அதையும் மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தயாரித்தவர் பெயரோ உள்ளே என்ன இருக்கிறது என்பதோ அச்சிடாத டப்பா க்ரீம் இன்னும் மோசம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்கு, அதிலிருந்த பாதரசத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-இல் மருத்துவர்கள் வெளிக்கொணர்ந்தார்கள்.

மற்றவை சுருக்கமாக. எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை மூன்றையும் முகத்தில் வைக்காதீர்கள். ஆன்லைனில் வரும் ஊசி உருளையும் அமிலப் பாட்டிலும் வீட்டுக்குள் வர வேண்டாம். பியூட்டி பார்லரில் த்ரெடிங் செய்துகொள்ளலாம். அமிலமும் லேசரும் அங்கே செய்துகொள்ளக் கூடாது.

யாரிடம் போவது?

தனியார் மருத்துவமனை என்றால் மூன்று கேள்விகள். சிகிச்சை செய்பவர் எம்.டி., டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. படித்த தோல் மருத்துவரா? மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? என்னைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு இவர் செய்த சிகிச்சையின் முன், பின் படங்களைப் பார்க்கலாமா? "கன்சல்டன்ட்" என்று மட்டும் சொல்லி நழுவினால் வெளியே வந்துவிடலாம். மொத்தம் எத்தனை அமர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். பாக்கேஜ் பணம் முழுவதையும் முதல் நாளே கட்ட வேண்டாம்.

செலவு முடியாதவர்களுக்கு வடசென்னையில் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது; தோல் பிரிவுக்குக் காலையிலேயே ஓ.பி. சீட்டு போட வேண்டும். போகும்போது இதுவரை முகத்தில் பூசிய எல்லா டியூபையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், பெயர் அழிந்து போனதையும் சேர்த்து. மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பையைத்தான்.